கல்லடியில் எடுத்த படத்தைப் பார்த்து "மாலைதீவா?" என்று கேட்ட பெரியம்மா

வாவிக்கரையான்
இரவு 9.20

பதினொரு வருடமாக எடுத்த படங்களில் இருந்து 24 படத்தைத் தெரிவு செய்ய வேண்டும். மட்டக்களப்பு நகரில் ஒரு சின்ன மண்டபம் படக் கண்காட்சிக்கு மூன்று நாளுக்குக் கிடைத்திருக்கிறது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கழித்துக் கழித்து அறுபது வரை வந்து, அவற்றைத் தபாலட்டை அளவில் அச்செடுத்து விறாந்தையில் பாயைப் போட்டுப் பரப்பி வைத்திருந்தேன். அந்த நேரம் பெரியம்மா வந்தார். மண்டூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார்.

எனக்கு மிகப் பிடித்த படம் கல்லடிக் கடற்கரையில் விடிய முதல் எடுத்தது. பத்து ஸ்டொப் பில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுத்த கண்ணாடி) போட்டால் எட்டில் ஒரு செக்கனில் முடிய வேண்டிய எக்ஸ்போஷர் 128 செக்கனாக நீளும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அலை எல்லாம் புகையாகிவிடும். நடுவே உக்கின ஒரு மரக்கட்டை, மேலே வெறும் வானம். அந்த ஒரு படத்துக்காக நான்கு நாள் விடியப்புறம் எழும்பிப் போயிருக்கிறேன். பெரியம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எங்க மனே, மாலைதீவா?"

சரி, வயதானவர், படம் பார்த்துப் பழக்கமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு கழித்த குவியலில் இருந்து ஒன்றை இழுத்தார். குருமண்வெளித் துறையில் பாதை வந்து அணைகிற படம். (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அதில்தான் மண்டூருக்குப் போகும்.) படம் சரியில்லை. ஓரத்தில் ஒரு சைக்கிளின் முன்சில்லு வெட்டுப்பட்டிருக்கிறது. பொலித்தீன் போட்டு மூடிய மூட்டை ஒன்று நடுவில் கிடக்கிறது. வெளிச்சமும் செத்த வெளிச்சம். பெரியம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாரி. முகத்துவாரம் இன்னும் வெட்டல்ல."

உண்மைதான். கணினியில் திகதியைப் பார்த்தேன், டிசம்பர். மழை வெள்ளம் வாவியில் நிறைந்து, மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு விடுவதற்கு முந்திய கிழமை. துறையில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது, நிறம் எப்படி மண்டியாக இருக்கிறது என்பதில் இருந்து அவர் அதைப் பிடித்துவிட்டார். படத்தை எடுத்த எனக்கு அந்தப் படி கண்ணிலேயே படவில்லை.

இரண்டு நாளாக இதே யோசனை. நான் நிலத்தை எடுக்கிறேனா, நிலத்தில் இருந்து ஊரைத் துடைத்து எடுக்கிறேனா? உங்கள் அனுபவம் என்ன?


கச்சான்காத்து
இரவு 9.52

பெரியம்மாவைத் தேர்வுக் குழுவுக்குத் தலைவராகப் போட வேண்டியதுதான்.

ஆனால் அண்ணா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜப்பானியப் படக்கலைஞர் சுகிமோட்டோ 1980 இல் இருந்து கடலும் வானமும் மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். பாதி நீர், பாதி வானம், நடுவில் ஒரு கோடு. அதில் எந்த ஊரும் தெரியாது. அதற்காக அது பொய்யா? ஒரு படம் பார்க்கிறவருக்கு விலாசம் சொல்லத்தான் வேண்டும் என்றால் கூகுள் வரைபடம் போதுமே. நீங்கள் அந்த மரக்கட்டையில் ஒரு தனிமையைப் பார்த்தீர்கள், அதை எடுத்தீர்கள். பெரியம்மா தண்ணீர் மட்டம் பார்க்கிறார். இரண்டும் இரண்டு வேலை.


வாவிக்கரையான்
இரவு 10.05

சுகிமோட்டோ ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பில் கடலின் பெயரைப் போடுகிறாரே. கோடு மட்டும்தான் தெரியும், ஆனால் எந்தக் கடல் என்று சொல்லாமல் விடுவதில்லை. நான் என் மரக்கட்டைக்கு "மௌனம் 3" என்று பெயர் வைத்திருந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.


கச்சான்காத்து
இரவு 10.07

மௌனம் 1, 2 எங்கே?


வாவிக்கரையான்
இரவு 10.09

இருக்கு. கேட்க வேண்டாம்.


ரொறன்ரோ_மாமாங்கம்
இரவு 11.40

இங்கே பகல். இடைவேளையில் எழுதுகிறேன்.

உங்கள் இருவருக்கும் ஊர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. எனக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பன்னிரண்டு நாள். அதில் கலியாண வீடு, செத்த வீடு, காணிப் பத்திரம் எல்லாம் போக மூன்று விடியல் மிஞ்சும். அந்த மூன்றில் பாசிக்குடா ஒன்று, அறுகம்பே ஒன்று, வாவி ஒன்று. என்னை மாதிரி ஆள் எடுப்பது பயணப் படம்தான், வேறு வழியில்லை. வருகிறவன் பார்க்கிற விதத்தில்தான் பார்க்க முடியும்.

ஒரு பாவமன்னிப்பும் கேட்க இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றது உங்களுக்குத் தெரியும். நான் அதை அகலமான லென்ஸில் எடுத்துக்கொண்டு போய், கனடாவில் இருந்து லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் நேராக்கும் பொத்தானை அமத்தினேன், வழக்கமாக எல்லாக் கட்டடத்துக்கும் செய்கிற மாதிரி. கோபுரம் நிமிர்ந்தது, கடல் சரிந்தது. கடல் சரிந்தால் அழகில்லை என்று அடிவானத்தை வெட்டிவிட்டுப் பேஸ்புக்கில் போட்டேன். விருப்பக்குறி குவிந்தது. கல்லடியில் இருக்கிற மச்சாள் மட்டும் கீழே கேட்டாள்: "கோபுரத்தை எப்ப நிமித்தினவங்கள்?"


பழைய_ரோல்
காலை 6.15

தம்பிமார், வாசித்தேன். நான் ஸ்டூடியோவில் வேலை செய்த ஆள். கலைப்படம், நிலப்படம் என்ற பிரிப்பெல்லாம் எங்கள் காலத்தில் இல்லை. கலியாணம், பூப்புனித நீராட்டு, அடையாள அட்டை. மிஞ்சுகிற ரோலை முடிக்கத்தான் வெளியே போவது. 36 பிரேமில் நான்கு ஐந்து மிஞ்சும். அதைக் கழுவ வேண்டும் என்றால் முடித்தாக வேண்டும், அவ்வளவுதான். யுத்த காலத்தில் அதுவும் பயம். பாலத்துக்குக் கிட்டக் கமராவோடு நின்றால் விளக்கம் சொல்லி முடியாது. பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாவியை எடுப்பேன். இப்போது எல்லாரும் கல்லடிப் பாலத்தை எடுக்கிறதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருக்கும்.

2003 இல் நாவலடிப் பக்கம் அப்படி மிச்ச ரோலில் ஒரு படம் எடுத்தேன். தென்னையும் கடலும். எனக்கே பிடிக்கவில்லை. மின்கம்பி குறுக்கே ஓடுகிறது, வலது மூலையில் ஒரு வீட்டின் பாதி வந்து விழுந்திருக்கிறது. அச்சுப் போடவே இல்லை.

2004 டிசம்பர் 26 க்குப் பிறகு, எத்தனை மாதம் என்று நினைவில்லை, ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். கடலோடு அவருடைய அல்பம் எல்லாம் போய்விட்டது. பழைய நெகட்டிவ்களில் தங்கள் ஆட்களின் முகம் எங்காவது இருக்குமா என்று பார்க்க வந்தவர். நானும் அவரும் இரண்டு நாள் லைட் பெட்டியில் பட்டி பட்டியாகப் போட்டுப் பார்த்தோம். முகம் கிடைக்கவில்லை. அந்தத் தென்னைப் படத்தைத் தள்ளிவிடப் போனேன், அவர் கையைப் பிடித்தார். மூலையில் இருந்த பாதி வீடு அவருடைய வீடு. படலையில் ஒரு சாரம் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த மூலையை மட்டும் பெருப்பித்துக் கொடுத்தேன். அவ்வளவு சின்னத் துண்டைப் பெருப்பித்தால் என்ன மிஞ்சும், மணல் மணலாக வந்தது. சட்டம் போட வேண்டாம் என்று சொல்லி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனார்.

மின்கம்பி குறுக்கே வருகிறது என்று நான் இரண்டடி இடது பக்கம் நகர்ந்திருந்தால் அந்த வீடு படத்துக்குள் விழுந்திருக்காது. அன்றைக்கு நகராமல் விட்டது கலை உணர்வால் அல்ல. கால் சுட்டது, செருப்பு இல்லை.


படுவான்_பொடியன்
காலை 6.58

ஐயா.


கச்சான்காத்து
காலை 7.30

ஐயா, நேற்று எழுதினதை அழிக்கவில்லை. ஆனால் அதே குரலில் இன்றைக்கு எழுத வராது.


நீலவலை
காலை 10.44

அஸ்ஸலாமு அலைக்கும். மருதமுனை. கனநாளாக வாசிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

எங்கள் வாப்பா கரைவலைக்காரர். சின்ன வயதில் இருந்து எங்கள் கடற்கரைக்குக் கமராக்காரர் வருவதைப் பார்க்கிறேன். ஒருவர் வந்தார், ஊர், பேர் வேண்டாம். வாப்பாவைத் தோணிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். முதலில் போட்டிருந்த பார்சலோனா ஜேர்சியைக் கழற்றச் சொன்னார். பிறகு என்ஜினுக்கு மேல் தென்னோலையைப் போட்டு மூடினார். வலை நீல நைலோன், அது கண்ணைக் குத்துகிறதாம், அதையும் ஒதுக்கச் சொன்னார். கடைசியில் வெறும் மேலோடு, கையில் துடுப்போடு, வாப்பா கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். ஆயிரம் ரூபா கொடுத்தார். வாப்பாவுக்கு அதில் கோபமே இல்லை. நல்லா நடித்தார், இரண்டு தரம் திரும்பியும் செய்து காட்டினார். படம் பிறகு வட்ஸ்அப்பில் வந்தபோதுதான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "என்ஜின் எங்க?" அந்த என்ஜினுக்கு இன்னும் தவணை கட்டி முடியவில்லை.

தெற்கே கொக்கலைப் பக்கம் கடலில் கம்பு நட்டு மீன் பிடிக்கிறவர்களின் படம் உலகம் முழுக்கப் போகும். அங்கே இப்போது பலர் மீனுக்காக ஏறுவதில்லை, கமராவுக்காக ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அதுவும் உழைப்புத்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர் எங்கள் வாப்பாவிடமும் அதையே தேடுகிறார்.

இன்னொன்று. நீங்கள் எல்லாரும் விடியப்புறம் நான்கு மணிக்குக் கடற்கரைக்குப் போனதைச் சாதாரணமாக எழுதுகிறீர்கள். நான் தனியாகப் போனால் படம் எடுக்க முதல் மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் என் படங்களில் பாதி மொட்டைமாடியில் இருந்து எடுத்தவை, மீதி பஸ் யன்னலால் எடுத்தவை. யன்னல் படத்தில் கண்ணாடியின் கீறல் வரும். நான் அதை அழிப்பதில்லை.


வாவிக்கரையான்
காலை 11.20

தங்கச்சி, அந்த யன்னல் படங்களைப் போடுங்கள். நான் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிற படங்கள் அவை என்று நினைக்கிறேன்.


நீலவலை
பகல் 12.31

போடுகிறேன் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்). ஆனால் அதற்கு முதல் வேறு ஒன்று சொல்ல வேண்டும், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது பற்றி.

எங்கள் மாமியின் காணி ஒலுவிலில் கடலோரம். கம்பஸ் படிக்கும்போது அங்கேதான் தங்கினேன். ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறந்தது. அதன் அலைதடுப்புக் கற்சுவர் கரையோரமாக வடக்கே நகர்கிற மணலை மறித்துவிட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்கிறது. மாமியின் வளவில் கடலுக்குக் கிட்ட ஒரு வளைந்த தென்னை. குளிக்கப் போகிற நேரம் கிணற்றுக்கட்டில் போனை வைத்து ஒரே இடத்தில் இருந்து எடுத்தேன். எதற்கு என்று தெரியாது, பொழுது போக.

முதல் படத்தில் தென்னைக்கு அங்கால் வேலி, வேலிக்கு அங்கால் மணல், பிறகு கடல். நடுவில் ஒரு படத்தில் வேலி இல்லை. ஒன்றில் தென்னையின் வேர் வெளியே தொங்குகிறது, தலைமயிர் மாதிரி. பிறகு தென்னை இல்லை. கடைசிப் படம் எடுக்கப் போனபோது கிணற்றுக்கட்டு சரிந்திருந்தது, போன் வைக்க இடமில்லை. ஏழு படம். ஒன்றுகூடத் தனியாக நல்ல படம் இல்லை.


கச்சான்காத்து
பகல் 12.50

அந்த ஏழையும் வரிசையாக ஒரே சுவரில் போட வேண்டும். அண்ணா, உங்கள் 24 இல் ஏழைக் கழியுங்கள். மௌனத்தில் இருந்து தொடங்கலாம்.


வாவிக்கரையான்
பகல் 1.15

ஒத்துக்கொண்டேன், தங்கச்சிக்குச் சம்மதம் என்றால்.

ரொறன்ரோ அண்ணருக்கு ஒரு பதில் பாக்கி. மூன்று விடியல்தான் மிஞ்சும், பயணப் படம்தான் எடுக்க முடியும் என்று எழுதினீர்கள். வெளிநாட்டு வழிகாட்டிகளில் பொன்வெளிச்ச நேரம் என்று ஒரு மணித்தியாலக் கணக்குச் சொல்வார்கள். அது இங்கே பலிக்காது. நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்குள் இருக்கிறோம். சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், செங்குத்தாக விழும். அடிவானத்தில் இருந்து ஆறு பாகை ஏற 25 நிமிடம் அளவில்தான் எடுக்கும். அதே ஆறு பாகைக்கு லண்டனில் ஜூன் மாதம் இரண்டு மடங்கு நேரம். ஏப்ரல் முற்பாதியில் எங்களுக்கு உச்சிக்கு நேரே சூரியன், நிழல் காலுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே விடிந்த பிறகு இடம் தேடினால் கதை முடிந்தது. முதல் நாள் கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள், இரண்டாம் நாள் எடுங்கள். மூன்று இடத்துக்கு மூன்று விடியலைப் பங்கு போட வேண்டாம், ஒரே இடத்துக்கு மூன்றையும் கொடுங்கள்.

ஆடி மாதக் கச்சான் காற்றில் மேற்கே தூசு எழும்பி மாலை வானம் செம்பு நிறமாகும், குடும்பிமலை அதற்குள் மங்கி நிற்கும். அந்த மங்கலை மென்பொருளில் தெளிவாக்கிவிடாதீர்கள். அந்தத் தூசைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் மாதம் சொல்வார்கள்.

வேறு எங்கே இப்படி இருக்கிறதோ, எங்கள் ஆட்கள் நிலத்துக்குப் பெயர் வைத்ததே வெளிச்சத்தை வைத்து. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. கல்லடியில் நின்றால் கடலில் விடிவதையும் வாவியில் பொழுது படுவதையும் நடந்தே போய்ப் பார்க்கலாம்.


படுவான்_பொடியன்
பகல் 1.40

அண்ணா, அந்தப் பெயர் வைத்தது உங்கள் பக்கத்து ஆட்களாக இருக்கும்.

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்களுக்குப் பொழுது படுவது வயலிலும் காட்டிலும். சூரியன் எங்களுக்கும் எழும்புகிறது, வாவிக்கு மேலால், உங்கள் தென்னைகளுக்குப் பின்னால் இருந்து. எழுவான்கரை முழுக்க ஒரு கறுத்த கோடு மாதிரித் தெரியும். அந்தப் படத்தை எடுக்க யாரும் வருவதில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கேயும் பாதைதான். கடக்க நேரம் எடுக்கும், வருகிறவர் நின்று கதைத்துவிட்டுத்தான் போவார். இப்போது பாலத்தால் வந்து, வயலுக்குள் ட்ரோனை ஏற்றி, பச்சைப்பசேல் என்று இரண்டு படம் எடுத்துவிட்டுப் பொழுது பட முதல் போய்விடுகிறார்கள். ட்ரோன் பறக்க விட சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி எடுக்க வேண்டும் என்று சொன்னால் முறைக்கிறார்கள்.

மறுகா ஒன்று: பச்சையை மட்டும்தான் எடுக்கிறார்கள். மாசி, பங்குனியில் வெட்டின வட்டைக்குள் வந்து பாருங்கள். தாள்கட்டை, வெடிப்பு, வைக்கோல் எரிகிற புகை, யானைக்காவலுக்குப் போட்ட பரண். இரவெல்லாம் முழித்த மனிசன் காலையில் பரணில் இருந்து இறங்கிப் பல் தீட்டுவார். என்னிடம் போன் மட்டும்தான், அதில் எடுத்தது இருக்கிறது.


பழைய_ரோல்
பின்னேரம் 4.05

பொடியன் சொல்வது சரி. நாங்கள் எல்லாரும் யாரோ ஒருவர் முன்னமே எடுத்த படத்தைத்தான் எடுக்கப் போகிறோம். 19 ஆம் நூற்றாண்டில் ஸ்கீன், ஸ்கோவன் என்று கொழும்பு, கண்டிப் பக்கம் வெள்ளைக்காரரின் ஸ்டூடியோக்கள் இருந்தன. கப்பலில் வந்து இறங்குகிறவருக்கு விற்க இலங்கைக் காட்சிகள் எடுத்தார்கள்: தென்னை வளைந்து நிற்கும், கீழே அதன் உயரம் தெரிய ஓர் ஆள் நிற்பார். அந்த வளைந்த தென்னை இன்னும் எங்கள் கண்ணுக்குள் நிற்கிறது. ஒலுவில் பிள்ளையின் தென்னையும் வளைந்ததுதான், ஆனால் அவள் அதை விழும்வரை எடுத்திருக்கிறாள்.

திரும்பிப் போவது என்றால் இடத்துக்குத்தான் என்றும் இல்லை, ரொறன்ரோத் தம்பிக்குச் சொல்கிறேன். அமெரிக்கப் படக்கலைஞர் அன்செல் அடம்ஸ் 1941 இல் நியூ மெக்சிகோவில் எர்னாண்டஸ் என்ற ஊரில் நிலா எழும்புகிற படம் ஒன்று எடுத்தார். ஒரே ஒரு நெகட்டிவ். அதைப் பிறகு வாழ்நாள் முழுக்க அச்சிட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்ப அச்சுகளில் வானத்தில் முகில் தெரியும், பிந்தியவற்றில் வானம் கறுத்து முகிலை விழுங்கிவிட்டது. இடம் அதே இடம், பார்த்த கண்தான் மாறியது. உங்கள் பன்னிரண்டு நாளில் எடுத்ததை அடுத்த இரண்டு வருடமும் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் பார்ப்பது காணாது, தாளில் பாருங்கள்.

அச்சுக்குப் போகிறவர்களுக்கு: எங்கள் ஊர் ஈரத்தில் தாளும் லென்ஸும் ஒரே மாதிரிக் கெடும். லென்ஸைத் தோல் உறையில் வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்துச் சிலந்திவலை மாதிரிப் படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சட்டத்துக்குள் படம் கண்ணாடியில் நேரே முட்டக் கூடாது, இடையில் மவுண்ட் அட்டை வேண்டும். முட்டினால் ஒரு மாரி போதும், ஒட்டிக்கொள்ளும்.


ரொறன்ரோ_மாமாங்கம்
இரவு 8.10

ஐயா, நன்றி. திரும்பி ஊரை நினைத்து அச்சிடுவது என்று நான் யோசித்ததே இல்லை. கோபுரத்தைச் சாய்ந்தபடியே அச்சிடப் போகிறேன், கடலையும் சேர்த்து.

அடுத்த ஆடியில் வர இருக்கிறேன். உகந்தையில் இருந்து குமண, யால காட்டால் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களோடு போய் எடுக்கலாமா?


படுவான்_பொடியன்
இரவு 8.26

நடக்கப் போவதென்றால் வாருங்கள். எடுக்கப் போவதென்றால் யோசியுங்கள். நான் இரண்டு தரம் நடந்திருக்கிறேன். தண்ணீரும் அரிசியும் சுமந்துகொண்டு மணலில் நடக்கும்போது கமரா என்றால் கல்லைக் கட்டின மாதிரி. இரண்டாம் நாள் ஒரு ஆச்சி என்னுடைய பையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தா. அதை எடுக்கவில்லை. எடுக்க என் கையில் போன் இல்லை, போன் அந்தப் பைக்குள்.


கச்சான்காத்து
இரவு 8.31

இந்த இழையில் உள்ள நல்ல படங்கள் எல்லாம் எடுக்காத படங்களாகத்தான் இருக்கின்றன.


நீலவலை
இரவு 9.02

காக்கா, ஏழு படமும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். சின்னதாக அச்சிடுங்கள், பெருப்பித்தால் உடையும். தலைப்பு "ஒலுவில்" என்று மட்டும் போடுங்கள். வாப்பா பார்க்க வருவதாகச் சொல்கிறார். ஜேர்சியோடுதான் வருவாராம்.


வாவிக்கரையான்
இரவு 9.45

கிடைத்தது. கடைசிப் படத்தில் கிணற்றுக்கட்டு சரிந்ததால் படமும் சரிவாக வந்திருக்கிறது. அதை நேராக்கவில்லை, சத்தியமாக.

பாதைப் படத்தையும் 24 க்குள் சேர்த்துவிட்டேன். அதில் ஒரு பிரதி பெரியம்மாவுக்குக் கொடுத்தேன். சட்டம் போட்டுத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. குசினியில் கலண்டர் தொங்குகிற ஆணியில் கலண்டருக்கு மேலாலேயே குத்தி வைத்திருக்கிறார், மாதம் பார்க்க வேண்டும் என்றால் படத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நேற்றுப் பால் கொண்டு வந்தவர் பார்த்துவிட்டு, அந்தச் சைக்கிள் சில்லு தன்னுடைய மச்சானின் சைக்கிள் என்று சொல்லியிருக்கிறார். பெரியம்மா இல்லை என்கிறார். ஊரில் விசாரணை நடக்கிறது.